ஒரே பெட்டியில் இரண்டு குடித்தனம்

கணினி விஷயத்தில் நம் வயதுக்காரர்களுக்குக் குழந்தைப் பருவம் அறுபதுக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் வந்த குழந்தைப் பருவத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டீர்கள். பட்டம் விட்டது, பள்ளிக்கூட மணி, மழையில் நனைந்த புத்தகம் எல்லாம் ஆகிவிட்டது. அதில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் எழுதப்போவது இரண்டாவது பருவத்தை. முதலாவதில் எனக்கு விவரம் போதாது. இரண்டாவதில் கண்ணாடி போட்டிருந்தேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பருவத்தில் பெரியவர்கள் யார் என்று கேட்பீர்கள். மகள்தான் பெரியவர். கொழும்பில் வேலை. புதிய மடிக்கணினி வாங்கியதும் பழையதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு கண்டிக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், அலுமாரிக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டு விரலை நீட்டிச் சொன்னாள்: "அப்பா, இதுல எதையும் நோண்டக்கூடாது. ஏதாச்சும் கேட்டுச்சுன்னா வேணாம்னு அழுத்துங்க. டிசம்பர்ல வந்து பாக்குறேன்." ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் அடுப்பைத் தொடக்கூடாது என்று நான் அவளுக்குச் சொன்ன அதே குரல். பரம்பரைச் சொத்து என்று வேறு எதைச் சொல்வது?

நான் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியின் காணிப் பிரிவில் பிரதம எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காணியை எப்படிப் பிரிப்பது என்றும் தெரியும், பிரித்ததை எப்படிச் செல்லாததாக்குவது என்றும் தெரியும். எந்த விண்ணப்பத்தில் எந்த மூலையில் முத்திரை விழவேண்டும் என்று இப்போதும் கனவில் கேட்டாலும் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவனிடம் எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதை மகள் யோசித்திருக்க வேண்டும். பெரியவர்கள் அந்த வயதில் யோசிப்பதில்லை.

அது ஆனி மாதம். பேராதனைக்கும் கண்டிக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டின் தகரக் கூரையில் மழை விழுந்தபடியே இருந்தது. கதவு உப்பி மூட மறுத்தது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது. வீட்டில் காய்ந்த இடம் என்று இருந்தது அந்தக் கணினியின் அடிப்பாகம் ஒன்றுதான். அது பூனைக்குட்டி மாதிரி சூடாக முனகிக்கொண்டிருந்தது. மனைவி அதன் நெற்றியில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தாள். சந்தனம் வழிந்து ஒரு எழுத்துக் கட்டையின் கீழ் இறங்கிக் காய்ந்ததில், அந்த எழுத்தை மட்டும் குத்தித்தான் எழுத வேண்டும்.

மனைவி கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு கணக்கு போட ஆள் கிடைக்காமல் சாதகம் கணிக்கத் தொடங்கினாள். அதற்கென்று ஒரு மென்பொருள் அந்தப் பெட்டியில் இருந்தது. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். பென்ஷன் விஷயமாகக் கடிதம் எழுதலாம் என்று நான் உட்கார்ந்தால், திரையில் யாரோ ஒரு பெண்ணின் ஏழாம் வீட்டில் செவ்வாய் வந்து நிற்கும். அதை மூடினால் திட்டு விழும். ஆக, எனக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று நான் நினைத்தது பேராசை அல்ல.

இனி ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் ஒழுங்கையில் மேலே மூன்றாவது வீடு. யாழ்ப்பாணத்துக்காரர். மலைநாட்டு ஸ்டேஷன்களிலேயே உத்தியோகம் பார்த்து, கடைசியாகக் கம்பளையில் இருந்து ஓய்வு பெற்று, மனைவி இறந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் மகளோடு இங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வு பெற்றும் கைக்கடிகாரத்தை வானொலிச் செய்திக்கு முன் ஒலிக்கும் மணியோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் மணிக்கட்டை நம்பித்தான் எங்கள் ஒழுங்கையில் சோறு வெந்தது. என்னை "சீஃப்" என்பார். நான் அவரை "மாஸ்டர்" என்பேன். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து என் மகள் என்ன சொல்வாள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அந்த மழைக்காலத்தில் மாஸ்டர் வீட்டில் ஒரு பெரிய விஷயம் தீராமல் கிடந்தது. அவர் மகள் வங்கியில் வேலை செய்தாள். அவளுக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. கலஹாவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டில் பிறந்து, படித்து, தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் கணினி கற்பிக்கும் பிள்ளை. நாங்கள் கலஹாத் தம்பி என்று சொல்லுவோம். மாஸ்டருக்கு அவனைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருடைய கஷ்டமே. யாழ்ப்பாணத்தில் ஒரு அக்கா இருந்தார். தாய்க்குப் பிறகு மாஸ்டரை வளர்த்தவர். தோட்டத்துச் சம்பந்தமா என்று அக்கா நேரடியாகக் கேட்கவில்லை. சாதகம் பொருந்துதா என்று கேட்டார். எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்விக்குள் மடித்து வைக்கலாம் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"எனக்கு ஒண்டும் இல்லை, சீஃப்," என்றார் மாஸ்டர். "ஆனா சாதகம் பாக்காமச் செய்தா அக்கா படி ஏறமாட்டா. அவ வராத கலியாணத்தை நான் எப்படிச் செய்யிறது?"

மகளோ அப்பாவை விட்டுவிட்டுப் போகவும் மாட்டேன், வேறு ஒருவரைக் கட்டவும் மாட்டேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தாள். அழவில்லை. வட்டி வீதம் சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மனைவிக்குத் தூக்கம் கெட்டது.

சிக்கல் எங்கே என்றால், கலஹாத் தம்பிக்குச் சாதகமே இல்லை. பிறப்புச் சான்றிதழில் தேதி இருந்தது, நேரம் இல்லை. தாயிடம் கேட்டார்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் பிறந்தான் என்றார் அந்த அம்மாள். காலைக் கொழுந்தா, மத்தியானக் கொழுந்தா, அந்திக் கொழுந்தா என்று மனைவி தொலைபேசியில் கேட்டாள். அன்றைக்கு மழை, நிறுவை பிந்திவிட்டது என்று பதில் வந்தது. இதை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கு ஆசிரியையும் லக்கினம் போட முடியாது.

பிறந்த நேரம் தெரியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. பிரசன்னம் பார்ப்பது. கேட்க வந்தவர் வெற்றிலையை வைத்துக் கேட்கிற அந்த நேரத்துக்கே ராசிச் சக்கரம் போட்டு, அதிலிருந்து பலன் சொல்வது. பிறந்த நேரம் வேண்டாம், கேட்ட நேரம் போதும். மழை விட்டு ஒரு நல்ல நாள் வரட்டும், பார்க்கலாம் என்று மனைவி சொன்னாள். அக்காவும் தொலைபேசியில் இதற்குச் சம்மதித்தார். ஆக, அந்தப் பெண்ணின் கலியாணம் முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில், சந்தனம் வழிந்த அந்தப் பெட்டிக்குள் வந்து நின்றது.

அந்த வாரத்தில்தான் நான் அதைப் பிரித்தேன்.

பத்திரிகை இணைப்பு ஒன்றில் ஒரு கட்டுரை வந்திருந்தது. ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொள்ளலாம். திறக்கும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் என்று ஒன்றை வைத்தால் பழைய இயந்திரமும் சுறுசுறுப்பாக ஓடும். காசு இல்லை, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தது. வாழ்நாள் முழுவதும் அனுமதி கொடுப்பதையும் மறுப்பதையும் செய்தவனுக்கு அந்தக் கடைசி வரி எப்படி இனித்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நானும் மாஸ்டரும் ஒரே குடையில் டவுனுக்குப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கி மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடக்கும்போது மாஸ்டர் வழக்கம்போல அதை நிமிர்ந்து பார்த்து, கைக்கடிகாரத்தையும் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொன்னார். ஒரு கடையில் மஞ்சள் நிறப் பென் டிரைவ் ஒன்றில் வேண்டியதை ஏற்றித் தந்தார்கள். நனையாமல் இருக்க மாஸ்டர் அதை முகம் துடைக்கும் கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை பையை ஒரு கையால் பொத்தியபடி நடந்தார். மனைவியின் கண்ணில் படாமல் அதைத் தேயிலை டின்னுக்குள் வைத்தோம். அந்த மஞ்சள் பென் டிரைவ் இப்போது எங்கே என்று தெரியவில்லை. திறந்தால் இன்னும் தேயிலை வாசம் அடிக்கும்.

மனைவி கட்டுகஸ்தோட்டைக்குத் தங்கை வீட்டுக்குப் போன ஒரு பிற்பகல். மாஸ்டர் சாட்சியாகக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் அந்தப் பெட்டியின் முழு நிலமும் ஒரு நீளப் பட்டையாக, வெவ்வேறு நிறங்களில் விரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வராத குறை. நில அளவையாளர் வரைந்த படம் மாதிரியே இருந்தது. இதைத்தானே முப்பது வருடம் பார்த்தேன்.

கட்டுரையின் முதல் வரி, முக்கியமானவற்றுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. எத்தனை ஆயிரம் தாள்களில் உண்மைப் பிரதி என்று கையொப்பமிட்டவன் நான். அன்று எடுக்கவில்லை. இரண்டாவது வரி, நிலத்தைச் சுருக்குவதை விண்டோஸ் பக்கத்திலிருந்தே செய்யுங்கள் என்பது. அதைச் செய்தேன். மனைவியின் பங்கு, என் பங்கு, நேர் பாதி. மாஸ்டர் தலையாட்டினார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, பட்டையின் தொடக்கத்தில் ஒரு துண்டு. மிகச் சின்னது. பெயர் இல்லை, ஒரு கடிதமோ படமோ அதற்குள் இருப்பதாகத் தெரியவில்லை. என் பக்கமும் இல்லை, அவள் பக்கமும் இல்லை.

"இது ஆற்றை பங்கு?" என்று கேட்டார் மாஸ்டர்.

"உரிமையாளர் இல்லாத துண்டு," என்றேன். "பக்கத்துக் காணியோட சேத்துக்கலாம்."

அழித்தேன். திரை ஏதோ எச்சரித்தது. கந்தோரில் எச்சரிக்கைகள் வரும் கோப்புகளை எப்படிக் கையாள்வோமோ அப்படியே செய்தேன்: தொடரவும் என்பதை அழுத்தினேன். பிறகு அது வாசலுக்கு ஒரு இடம் வேண்டும் என்று கேட்டது. என் பங்கிலேயே தாராளமாக வெட்டிக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி இறங்கின. கடைசியில் என் இடம் திறந்தது. சுத்தமான, காலியான, செவ்வாய் இல்லாத திரை. நாங்கள் இரண்டு பேரும் பிளேன்டீ குடித்துக் கொண்டாடினோம்.

மனைவி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். கணினியை மூடித் திறந்தாள். திரும்பவும் மூடித் திறந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"என் பக்கம் எங்க?"

இருந்தது. அதுதான் வேடிக்கை. அவள் சாதகங்கள், மென்பொருள், மகளின் படங்கள் ஒன்றும் அழியவில்லை. ஆனால் போவதற்கு வழி இல்லை. பெட்டியைத் திறக்கும்போது யார் உள்ளே வரலாம், எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும் குறிப்பு அந்தச் சின்னத் துண்டில்தான் இருந்திருக்கிறது. இரண்டு பங்காளிக்கும் பொதுவான நடைபாதை அது. காணியைப் பிரிக்கும்போது பொது வழியை எந்தப் பங்கோடும் சேர்க்கக்கூடாது என்று எத்தனை பேருக்கு நான் கடிதம் எழுதியிருப்பேன். மலைச்சரிவில் ஆறடிப் பாதையை அடைத்ததற்காக அண்ணன் தம்பிகள் வருடக் கணக்கில் நீதிமன்றம் ஏறியதைக் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். கடைசியில் பெண்டாட்டியின் பாதையை அடைத்தவன் நான்.

இதை அவளுக்கு விளக்கினேன். நடைமுறைப்படி, சரியான சொற்களில். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "பிரசன்னம் ஞாயித்துக்கிழமை. அந்தப் புள்ளைக்கு நீங்களே பதில் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பஞ்சாங்கத்தை வைத்துக் கையாலேயே போட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கேட்டேன். கையால் போட்டால் பிழை வரும், கணினியில் பார்த்துச் சொன்னால்தான் நம்புவேன் என்று அக்கா சொல்லியிருக்கிறாராம். அக்காவும் நம் வயதுக்காரர்தான். அவருக்கும் அது குழந்தைப் பருவம்.

மகளைக் கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் இல்லை. அன்று அந்தியில் அவளே எடுத்தாள். மாத்திரை போட்டாச்சா, கணினியைத் தொட்டீங்களா என்று ஒரே மூச்சில் கேட்டாள். போட்டாச்சு என்றேன். இரண்டு கேள்விக்கும் அந்த ஒரு பதிலையே அவள் வைத்துக்கொண்டாள்.

மாஸ்டரின் மகள் அப்பாவைச் சாப்பிடக் கூட்டிப்போக வந்தவள் திரையைப் பார்த்தாள். நான் சொன்னதைக் கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதைச் சரிசெய்ய அவளுக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றாள். யார் என்று யாரும் கேட்கவில்லை. மாஸ்டர் எழுந்து வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார். ரெயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல வெகு கவனமாகப் பார்த்தார். அப்படியே பார்த்துக்கொண்டு, "ஞாயிறுக்கு முன்னம் வரச்சொல்லு," என்றார்.

அடுத்த நாள் கலஹாத் தம்பி வந்தான். பேராதனையில் பஸ் மாறி, காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தான். மெலிந்த உருவம், நேரான பார்வை. உட்காரும் முன் பெட்டியை ஒரு சுற்றுப் பார்த்து, நெற்றியிலிருந்த குங்குமத்தையும் பார்த்தான்.

"இதுதான் எனக்குத் தீர்ப்பு சொல்லப்போற மெசினா சார்?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதே அவன் கட்சிக்கு மாறிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் கொண்டுவந்த பென் டிரைவைச் செருகி, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினான். சின்னத் துண்டுக்கு மறுபடி இடம் விட்டு, மனைவி பக்கத்துக்கு வாசலைத் திருப்பி அமைத்தான். வேலை செய்யும்போது எனக்குப் பாடமும் நடத்தினான். பெட்டியை மூடினாலும் மனைவி பக்கம் முழுதாக மூடுவதில்லையாம். அடுத்த முறை சீக்கிரம் எழும்புவதற்காக அரைத் தூக்கத்தில் கிடக்குமாம். அந்த நிலையில் என் பக்கத்திலிருந்து அங்கே ஒரு கடிதத்தை வைக்கப் போனால் விடாது. எட்டிப் பார்க்க மட்டும் விடும். அந்த அரைத் தூக்கத்தை அவன் நிறுத்தி வைத்தான்.

"நான் தூங்குறப்போ என் அலுமாரியைத் தொறக்க இவரு யாரு? அது பாட்டுக்கு விடாம இருக்கட்டுமே தம்பி," என்றாள் மனைவி.

பெட்டி திறந்தது. இது வேண்டுமா, அது வேண்டுமா என்று கேட்டது. மனைவி தன் பக்கத்தை அழுத்தினாள். பழைய முருகன் படம், பழைய கட்டங்கள். அவள் முகத்தில் வந்த வெளிச்சம் திரையிலிருந்து மட்டும் வந்ததல்ல.

"எல்லாம் வந்திருச்சும்மா," என்றான் தம்பி. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குத் தோதா ஏதாச்சும் மாத்தி வச்சிட்டுப் போகட்டுமா?" என்றான்.

"மாத்துனா எனக்குத் தெரிஞ்சிரும். டீயக் குடிங்க."

அவன் டீயைக் குடித்தான். குடிக்கும்போது என்னிடம், இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, இரண்டு பக்கத்துக்கும் கடிகாரம் ஒத்துவராது, அதை ஒத்துவர வைக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்கினான். நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். வீட்டில் சுவர்க்கடிகாரம் இருக்கிறது, ஒழுங்கையில் ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கிறார், நேரத்துக்கு எங்களுக்கு என்ன பஞ்சம்? கடைசி பஸ்ஸை விட்டுவிடாதே என்று அனுப்பி வைத்தேன். ஒருவன் இன்னும் ஒரு சின்ன வேலை பாக்கி என்று சொன்னால் கோப்பை மூடக்கூடாது. இது எனக்குத் தெரியாத நடைமுறை அல்ல.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஒரு மாதத்துக்குச் சேர்த்து வெயில் அடித்தது. மனைவி வீட்டிலிருந்த துணியையெல்லாம் கொடியில் போட்டிருந்தாள். ஈரத் துணியும் சுடுமண்ணும் சேர்ந்த வாசம் சன்னல் வழியாக வந்தது. மாஸ்டர் மடிப்புக் கலையாத வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்தார். மகளை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார். அவள் அங்கே இல்லை. ஒழுங்கை மதிலின் மேல் அவள் தலை தெரிந்தது.

மாஸ்டர் தட்டை மேசையில் வைத்தார். "இந்தக் கலியாணம் என்ரை பிள்ளைக்குச் சரி வருமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ, டீச்சர்."

மனைவி கண்ணை மூடித் திறந்து, இப்போதைய நேரம் என்ற பொத்தானை அழுத்தினாள். கட்டங்கள் விரிந்தன. மாஸ்டர் முன்னால் குனிந்து திரையைப் பார்த்தார்; பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுப நேரம் தாண்டிவிடுமோ என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். துணி பறக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு இரண்டையும் பார்க்க முடிந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை.

மதிலுக்கு மேல் அந்தத் தலை அசையாமல் இருந்தது.

"ரிஷப லக்கினம்," என்றாள் மனைவி. "ஸ்திர ராசி. ஆரம்பிச்சது நிலைக்கும். யோசிக்காம செய்யுங்க மாஸ்டர்."

மாஸ்டர் நிமிர்ந்தார். திரையை இன்னொரு முறை பார்த்தார். சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தின் மேல் விட்டுக்கொண்டார்.

"அப்ப நான் அக்காவுக்கு எடுத்துச் சொல்லுறன்," என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் பெட்டியில் மனைவியின் பக்கத்தைத் திறந்து ஒரு கடிதம் எழுதினேன். டவுன் பள்ளிவாசலில் இருந்து மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்வது காற்றில் வந்தது. திரையின் மூலையைத் தற்செயலாகப் பார்த்தேன். அங்கே இன்னும் காலை ஏழு மணி ஆகவில்லை.

முதலில் சந்தனம்தான் காரணம் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். ஐந்தரை மணி நேரம் பின்னால். கிரீன்விச்சுக்கும் நமக்கும் உள்ள அதே இடைவெளி. மகளின் கட்டளையை மீறி அந்தப் பத்திரிகைக் கட்டுரையை மேலும் படித்ததில் விளங்கியது. என் பக்கம், பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தைக் கிரீன்விச் நேரத்தில் வைத்துவிட்டு, நமக்குக் காட்டும்போது மட்டும் ஐந்தரையைக் கூட்டிக் காட்டுகிறது. மனைவி பக்கம், கடிகாரத்தில் இருப்பதை உள்ளூர் நேரம் என்று அப்படியே நம்புகிறது. இணையம் இருந்தால் சில வேளை தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும். அந்த வாரம் டேட்டா தீர்ந்து போயிருந்தது. நான் என் பக்கம் போய் வந்ததிலிருந்து அவள் பக்கத்தில் பொழுது அந்த ஐந்தரை மணி பின்னாலேயே நிற்கிறது.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கேட்ட கேள்விக்கு, விடியாத நாலரை மணிக்குச் சக்கரம் போட்டிருக்கிறோம்.

எனக்குச் சாதகத்தில் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடைமுறையில் உண்டு. பிழையான நேரத்தில் பிறந்த கட்டளை செல்லாது. செல்லாத கட்டளையைத் தெரிந்தவர் தெரியாதவர்போல இருக்கக்கூடாது. சம்பந்தப்பட்டவருக்கு உடனே அறிவிக்க வேண்டும். மனைவியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் அன்று காலையில் இருந்து சந்தோஷமாக ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். ஆகவே குடையை எடுத்துக்கொண்டு நேரே மாஸ்டர் வீட்டுக்கு ஏறினேன்.

வாசலில் நிற்கும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. யாழ்ப்பாணத்துக்குப் பேசும்போது தொலைபேசி தேவையில்லை என்பதுபோலத்தான் பேசுவார்.

"ஓம் அக்கா, ஓம். கொம்பியூட்டரிலைதான் பாத்தது. கையாலை பாத்தா எல்லோ பிழை வரும். இது மெசின். நேரம் எல்லாம் அதுவே எடுக்கும்."

அவர் மகள் கதவோரத்தில் நின்று, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுக்காமலே கண்ணால் சிரித்தாள். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். மழை பெய்யவில்லை என்பதைக் கீழே வந்த பிறகுதான் கவனித்தேன்.

கந்தோரில் சில கோப்புகள் உண்டு. பதில் எழுதவும் முடியாது, கிழிக்கவும் முடியாது. கட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டு, அந்தத் தட்டின் பக்கம் போகாமல் இருப்போம். இதையும் அப்படி வைத்தேன். இந்த உலகத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான் என்ற பாரத்தோடு அந்த மழைக்காலத்தைக் கழித்தேன். மனைவி கேட்டதற்கு, வயிற்றுக் கோளாறு என்றேன். பத்தியச் சாப்பாடு போட்டாள்.

கலியாணம் நடந்தது. அக்கா வந்தார். படி ஏறினார். சம்பந்தி அம்மாளைப் பக்கத்தில் இருத்தி, கொழுந்து நிறுக்கிற கதையை முழுவதும் கேட்டார். சாம்பாரில் உறைப்புக் காணாது என்பதைத் தவிர அன்று முழுவதும் ஒரு குறையும் சொல்லவில்லை. புறப்படும்போது என் மனைவியின் கையைப் பிடித்து, மெசின் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு மாப்பிள்ளையையும் பெண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டோம். மாஸ்டரும் வந்தார். வாழையிலை போட்டு, மனைவி மூன்று பாயசம் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடிந்து நாங்கள் வெற்றிலை போடும்போது, கலஹாத் தம்பி பழக்க தோஷத்தில் மேசையோரத்தில் திறந்திருந்த பெட்டியிடம் போனான். மூலையைப் பார்த்தான். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான்.

"சார், அந்த நேரம் இன்னும் அஞ்சரை மணித்தியாலம் பின்னுக்குத்தானே ஓடுது. அன்னைக்கே சொன்னேன். ஒரு நிமிச வேலதான், சரி பண்ணிரவா?"

"வேண்டாம்."

நான்தான் சொன்னேன். ஆனால் என் குரல் மட்டும் கேட்கவில்லை. அடுப்படி வாசலில் பாயசக் கரண்டியோடு நின்ற மனைவியும் சொன்னாள். கதிரையில் சாய்ந்திருந்த மாஸ்டரும் சொன்னார். மூன்று பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மணப்பெண் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வங்கியில் வேலை செய்கிறவள். கூட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"கட்டத்துல சூரியன் ரெண்டாம் வீட்டுல நிக்குது. அப்படின்னா இன்னும் விடியல. வெளிய பாத்தா துணி காயுது," என்றாள். "ஜன்னலப் பாத்தாலே தெரியிறதுக்கு என்னத்த படிக்கணும்?"

மாஸ்டர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். தன் கைக்கடிகாரத்தில் அப்போது பத்து மணி ஐந்து நிமிடம் என்றார்.

"பிறகு ஏன் மாஸ்டர் பேசாம இருந்தீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"எத்தினை ரெயில் பிந்தி வந்தது, சீஃப். ஆக்கள் ஏறி இருக்கினம் எண்டா, பச்சைக் கொடி காட்டித்தானே அனுப்பினனான்."

மணப்பெண் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். கலஹாத் தம்பி மட்டும் ஒன்றும் விளங்காமல், தீர்ப்பு சொன்ன அந்தப் பெட்டிக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றான். அவனுக்கு அவள் பிறகு சொல்லியிருப்பாள்.

டிசம்பரில் மகள் வந்தாள். பெட்டியைத் திறந்ததும் இரண்டு வாசல் தெரிவதைக் கண்டாள். என்னை ஏசினாள். கடிகாரத்தைக் கண்டு மேலும் ஏசினாள். திருத்தப் போனவளின் கையை அவள் அம்மா பிடித்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

நீங்களும் பெட்டியைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரதி எடுங்கள். பெயரில்லாத சின்னத் துண்டைத் தொடாதீர்கள். அரைத் தூக்கத்தை நிறுத்திவிடுங்கள். நேரத்தை ஒத்துவர வைப்பதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளைதான் இருக்கிறது. எனக்கு அது மனப்பாடம், கேட்டால் எழுதித் தருகிறேன். எங்கள் வீட்டில் மட்டும் அதை இன்றுவரை இடவில்லை. சரியான நேரத்துக்குச் சக்கரம் என்ன சொல்லியிருக்கும் என்று நாங்கள் யாரும் போட்டுப் பார்க்கவும் இல்லை. சாதகத்தில் நம்பிக்கை இல்லாத நானும்தான்.

இதை என் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். முடித்ததும் படிப்பதற்கு மனைவி பக்கத்தில் வைத்துவிடுவேன். அங்கே இன்னும் நன்றாக விடிந்திருக்காது. இங்கே சோறு ஆகிவிட்டது, கூப்பிடுகிறாள்.